படம் நான்கில் உள்ள நபர் (14)

விழுவதற்குச் சம்பளம்.
மணிக்கு இருபத்திரண்டு யூரோ, மதியம் சூப்பு,
முழங்கால் உறை அவர்களே தருவார்கள்.
ராகேல் ஹூட்டினென் கையெழுத்திட்டபோது
ஊலு நகரில் பகல் மூன்று மணிக்கே இருட்டியிருந்தது.

பதினொரு வருஷம் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்.
பக்கவாட்டில், மல்லாந்து, குப்புற,
ரப்பர் வட்டு வந்து சேரும் முன்பே விழத் தெரிந்தவள்.
ஆள் தேடியவர்களுக்கு அது போதும்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தது பார்வைக்கு வெறும் தரைதான்,
வெளிர்சாம்பல் வினைல்.
அடியில் தாமிர வலை.
ஓசையில்லாத ஒரு மின்புலம்
கால் வைத்தால் கொஞ்சம் கலையும்.
கூரையில் வெப்பக் கேமரா, சரிபார்க்க மட்டும்.
அதன் திரையில் அவள் ஓர் ஆரஞ்சுக் கறை;
எழுந்து போன பிறகும்
அவள் கிடந்த இடம் சற்று நேரம் கனன்று கிடக்கும்.

"விழுங்கள்" என்பார் ஓஸ்மோ பெல்கோனென்.
விழுவாள்.
"இப்போது நாற்காலியிலிருந்து."
விழுவாள்.

நான் சொன்னால் அவளுக்குப் புரியாது:
எங்கள் பாஷையில் ஓட்டு விழும், வழுக்கை விழும்,
சட்டையில் ஓட்டை விழும்,
வீட்டில் இழவு விழும்.
விழுந்து விழுந்து சிரிப்போம்.
விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்போம்.
அந்த விழுதல்களுக்கு எடை கிடையாது.
இங்கே ஒவ்வொன்றுக்கும்
கிலோ உண்டு, வினாடி உண்டு, வரிசை எண் உண்டு.

தரை மந்தமாகத்தான் கற்றது.
நாப்பி என்கிற நாய் சுருண்டு படுத்ததற்கு
மூன்று முறை நர்ஸைக் கூப்பிட்டது.
உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஆம்புலன்ஸ் கேட்டது.
மதிய இடைவேளையில் சவாசனம் போட்ட கணக்காளரைப் பற்றி
அது சொன்னதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், யாரும் கேட்காமலே,
ராகேல் சுவரில் முதுகைச் சாய்த்தாள்.
சரிந்தாள்,
முதலில் ஒரு தோள், பிறகு இடுப்பு,
ஆணியிலிருந்து கோட்டு நழுவுவது மாதிரி.
கடைசியில் குதிகால்கள் முன்னே வழுக்க
உட்கார்ந்துவிட்டாள்.

பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது.
யாரோ அமர்ந்திருக்கிறார், பரவாயில்லை.

"இது விழுதலா?" என்றார் ஓஸ்மோ.
"ஆமாம்."
"எங்கே பார்த்தீர்கள்?"
"சமையலறையில். போன் கையில் இருந்தது."

மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.
அன்று மட்டும் அறுபத்தொரு முறை சரிந்தாள்.
அறுபத்தொன்றாவதற்குச் சிவப்பு எரிந்தது.

வழக்கறிஞர் யூலிட்டாலோ அதைச் சட்டமாக்கினார்:
"கோரிக்கை ஏழு. கோரிக்கை ஒன்றில் கண்ட தரை;
இறக்கம் நான்கு வினாடிக்கு மேல் நீடிப்பினும்
மேற்படி நபர் எழும் எண்ணமற்றவர் எனக் கண்டறிவது."

எண்ணத்தை அளக்க முடியாது என்று
காப்புரிமை அலுவலகம் திருப்பி அனுப்பியது.
'எழாதவர்' என்று மாற்றினார்கள்.

இரண்டரை வருஷம் கழித்துக் காகிதம் வந்தது.
கண்டுபிடித்தவர்கள் மூவர்.
அவள் பெயர் இல்லை, அவள் தேடவும் இல்லை.
படம் நான்கில் ஒரு கோட்டுருவம்,
முகம் கிடையாது, விரல்களும் கிடையாது.
தரை (12). சுவர் (13). நபர் (14).
இடது முழங்கால் மட்டும்
கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
அது பழைய தசைநார்க் காயம்;
வரைந்தவர் வீடியோவைப் பார்த்து வரைந்திருக்கிறார்.
ஃபிரிட்ஜில் ஒட்டலாமா என்று யோசித்து
டிராயரில் வைத்தாள், பேட்டரிகளுக்கு மேலே.

போன வாரம் தடுப்பூசிக்குப் போனாள்.
சுகாதார நிலையத்தின் நடைவழி வெளிர்சாம்பல்.
குதிகாலால் தட்டிப் பார்த்தாள்.
அதேதான்.

ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. முட்டி போட்டாள்.
கட்டி முடித்தும் எழவில்லை.
மூன்று, நான்கு, ஐந்து.
நர்ஸ்கள் அறையின் கதவைப் பார்த்தபடி
ஒன்பது, பத்து.

யாரும் வரவில்லை.
நன்றாகத்தான் படித்திருக்கிறது.